சுற்றுச்சூழல், இயற்கை, உடல்நலம்: அரசுத் தகவலைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்று, நீர், காடு, நோய் பற்றி நம் நாட்டில் அளந்து வைத்திருக்கும் தகவலில் பெரும்பகுதி ரகசியமே இல்லை. யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள், எங்கே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல்தான் பலரும் திண்டாடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், நிருபர்கள், "போர் தண்ணியைக் குடிக்கலாமா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் எனப் பலர் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தளங்கள் பெரும்பாலும் தேசிய அளவிலானவை, உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுடையவை.

எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற தளம் இருக்கிறதா?

இல்லை. அந்த எண்ணத்தில் தொடங்கிய ஒன்று இருந்தது. 1980களில் மத்திய அரசு 'என்விஸ்' என்ற பெயரில் சுற்றுச்சூழல் தகவல் மையங்களைத் தொடங்கி, மாநில அரசுத் துறைகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பரப்பியது. இப்போது அதன் இடத்தில் 'இஐஏசிபி' என்ற திட்டம் நடக்கிறது. பழைய கட்டுரைகளில் கொடுத்திருக்கும் என்விஸ் இணைப்புகளைத் தட்டினால் பாதிக்கு மேல் திறக்காது.

ஆகவே தளத்தைத் தேடாமல், அளக்கிறவரைத் தேடுங்கள். காற்றுக்கும் ஆற்று நீருக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம். மழைக்கும் வெயிலுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை. காட்டுக்கு டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம். விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு பழைய துறைகள்: விலங்கியல் அளவைத் துறை, தாவரவியல் அளவைத் துறை. உணவிலுள்ள சத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அமைச்சர் பேட்டியில் வரும் எண்ணும், செய்தித்தாளில் வரும் எண்ணும், போட்டித் தேர்வுப் புத்தகத்தில் வரும் எண்ணும் இந்த இடங்களில் ஒன்றிலிருந்து கிளம்பி, கை மாறி வந்தவைதான். கை மாறும்போது முதலில் உதிர்வது ஆண்டு, அடுத்து அலகு.

பரந்துபட்ட ஒரு பார்வை மட்டும் வேண்டுமென்றால் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் 'என்விஸ்டாட்ஸ் இந்தியா' தொகுப்பைப் பாருங்கள். பல துறைகளின் அட்டவணைகள் ஒரே அட்டைக்குள் இருக்கும். பள்ளி, கல்லூரி செயல்திட்டத்துக்கு அது போதும்.

போனில் உள்ள ஆப் காற்றுத் தரம் 150-க்கு மேல் என்கிறது. அரசின் 'சமீர்' ஆப் 100 என்கிறது. எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

காற்றுத் தரக் குறியீடு என்பது நேரடியாக அளந்த எண் அல்ல, அளந்ததை ஒரு அளவுகோலில் பொருத்திக் கிடைப்பது. இந்தியாவின் அளவுகோலும் அமெரிக்காவின் அளவுகோலும் வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியக் கணக்கில் குறியீடு 100, 'திருப்தி' என்ற வகையின் கடைசிப் படி. அதே 60-ஐ அமெரிக்க அளவுகோலில் வைத்தால் 150-ஐத் தாண்டி 'உடல்நலத்துக்கு ஒவ்வாதது' என்று சிவப்பில் வரும். தனியார் ஆப்கள் பலவற்றில் இருப்பது அமெரிக்க அளவுகோல்.

இன்னொரு வேறுபாடு நேரம். இந்தியக் குறியீடு துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியையும், ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் 8 மணி நேரச் சராசரியையும் எடுத்துக்கொள்கிறது. தீபாவளி இரவு பத்து மணிக்குத் தெருவே புகைமூட்டமாக இருக்கும்போது சமீரில் எண் சாதுவாக இருப்பதற்கும், மறுநாள் பகலில் வானம் தெளிந்த பிறகு எண் ஏறி நிற்பதற்கும் இதுதான் காரணம். போகி அன்றும் இப்படித்தான். அந்த நேரத்து நிலைமை தெரிய வேண்டுமென்றால் குறியீட்டை விட்டுவிட்டு, மத்திய வாரியத்தின் தளத்தில் அந்த நிலையத்தின் மணிவாரி அளவை எடுத்துப் பாருங்கள். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று நிலையம் வாரியாகவே கிடைக்கும். 'சென்னையின் காற்று' என்று ஒரே எண்ணாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு ஆலந்தூர் எண்ணால் என்ன பயன்?

குறியீட்டுக்கு எட்டு மாசுகள் கணக்கில் உண்டு. அந்த எட்டின் சராசரி அல்ல அது. எது மிக மோசமோ அதன் எண்தான் மொத்தக் குறியீடு. குறைந்தது மூன்று மாசுகளுக்காவது அளவு இருக்க வேண்டும், அதில் ஒன்று பி.எம். 2.5 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய துகளான பி.எம். 10 ஆக இருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் 'முதன்மை மாசு' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையும் சேர்த்துப் படியுங்கள். முதன்மை மாசு பி.எம். 10 என்றால் பெரும்பாலும் சாலைப் புழுதி, கட்டட வேலை. பி.எம். 2.5 என்றால் புகை.

'திருப்தி' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பி.எம். 2.5-க்கு 24 மணி நேரத்தில் 60 என்பது 2009இல் இந்தியா வைத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

எங்கள் ஊரில் காற்று அளக்கும் நிலையமே இல்லையே?

பெரும்பாலான ஊர்களில் இல்லை. தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையங்கள் நகரங்களில்தான் இருக்கின்றன. சில ஊர்களில் ஆள் வைத்து வாரத்துக்கு இரண்டு நாள் மாதிரி எடுக்கும் பழைய முறை நடக்கிறது. அந்த எண்கள் ஆண்டறிக்கையில்தான் வரும். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் எண்ணை ஆப் உங்கள் ஊர்ப் பெயரில் காட்டினால் நம்பாதீர்கள், அது கணினியின் ஊகம்.

போர்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று எங்கே பார்ப்பது?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உங்கள் வட்டாரத்தின் நிலத்தடி நீர் பொதுவாக எப்படி என்பது ஒன்று. உங்கள் வீட்டுப் போரில் என்ன வருகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு இணையம் போதும். இரண்டாவதற்குக் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

முதலாவது: மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் பார்க்கிறது, தரத்தையும் சோதிக்கிறது. அந்த விவரங்கள் 'இந்தியா-டபிள்யூரிஸ்' தளத்தில் வரைபடமாகவும் அட்டவணையாகவும் உண்டு. ஒவ்வொரு வட்டாரமும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற மதிப்பீடும் வாரியத்தின் அறிக்கைகளில் வருகிறது. 'அதிநுகர்வு' என்று போட்டிருந்தால், அந்த வட்டாரத்தில் மழையும் மற்ற வழிகளும் ஆண்டுதோறும் ஊட்டுவதில் எடுக்கத் தக்க அளவைவிட அதிகமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியார் கிணற்று நீரையும் பார்த்துத் தருவார்கள். மோட்டாரைப் போட்டதும் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். குழாயில் தேங்கியது வெளியேறும்வரை சில நிமிடங்கள் ஓட விடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ஊர், கிணறா போரா, ஆழம், எடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் ஆகாது. கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

அறிக்கை கையில் வந்ததும் எல்லோர் கண்ணும் டி.டி.எஸ். எண்ணுக்குத்தான் போகும். அது கரைந்துள்ள உப்பின் மொத்தக் கணக்கு. குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 அதற்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை என்றும் சொல்கிறது. பார்க்க வேண்டியவை அதற்குக் கீழே இருக்கின்றன. ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று இல்லாவிட்டால் 1.5 வரை. நைட்ரேட் 45, இதற்குத் தளர்வே கிடையாது. ஆர்செனிக் 0.01. ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ருசியிலும் குறை தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். தருமபுரிப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவதற்கு இதுதான் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனா இது எதையும் காட்டாது. அந்தப் பேனாவைத் தண்ணீரில் முக்கிக் காட்டியே சுத்திகரிப்பு மெஷின் விற்கிறார்கள் என்பது வேறு கதை.

ஊராட்சிக் குழாய் நீர் என்றால், 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் தளத்தில் உங்கள் கிராமத்தில் எப்போது மாதிரி எடுத்தார்கள், முடிவு என்ன என்று பதிந்திருப்பார்கள். பதியாமலும் விட்டிருப்பார்கள். அப்படியானால் கிராம சபையில் கேளுங்கள்.

எங்கள் ஊருக்குப் புதிதாக ஓர் ஆலை வரப்போகிறதாம். விவரம் எங்கே கிடைக்கும்?

'பரிவேஷ்' தளத்தில். சுற்றுச்சூழல், வனம், வனவிலங்கு, கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிகளுக்கான விண்ணப்பங்கள் அதன் வழியாகவே போகின்றன. நிறுவனத்தின் பெயர் தெரியாவிட்டால் மாநிலம், மாவட்டம், திட்ட வகை கொடுத்துத் தேடலாம். நிறுவனங்கள் துணை நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிப்பது சகஜம் என்பதால் பெயரை நம்புவதைவிட மாவட்டத்தை நம்புவது நல்லது.

அதற்குள் என்னென்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் 'ஏ' வகை, அவற்றை மத்திய அமைச்சகம் பார்க்கும். மற்றவை 'பி' வகை, மாநில ஆணையம் பார்க்கும். 'பி' வகைக்குள் 'பி2' என்று வைத்துவிட்டால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, மக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எந்த வகையில் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதை.

கருத்துக்கேட்பு உண்டு என்றால், குறைந்தது 30 நாளுக்கு முன்னால் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி இதழாக இருக்க வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை வகிப்பது மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்குள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். போகாதீர்கள். நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் சமயம். நேரில் போக முடியாதவர்கள் எழுத்து மூலமும் அனுப்பலாம்.

நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள அறிக்கையை எப்படிப் படிப்பது என்று மலைக்க வேண்டாம். மூன்று இடங்களை மட்டும் முதலில் புரட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு? கழிவுநீர் எங்கே போகிறது? திட்ட இடத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்தில் என்னென்ன இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள்? ஊருக்கே தெரிந்த ஏரி அந்தப் படத்தில் இல்லாமலிருந்தால் உங்கள் முதல் ஆட்சேபம் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலை என்றால், அனுமதி ஆணையில் உள்ள நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் முந்தைய அரையாண்டின் பத்திகளை அப்படியே ஒட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாட்டில் காடு கூடியிருக்கிறது என்கிறார்கள். எங்கள் பக்கம் குறைந்துதானே போயிருக்கிறது?

இந்திய வன அளவை நிறுவனம் 1987இலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் 'வனப் பரப்பு' என்றால் என்ன என்று பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, அதில் மேலிருந்து பார்க்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கிளைகளின் மூட்டம். அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம் என்பது கணக்கில் இல்லை. தென்னந்தோப்பும் தைல மரத் தோட்டமும் ரப்பரும் செயற்கைக்கோள் படத்தில் காடாகவே விழும். 2023 அறிக்கை நாட்டின் வனப் பரப்பை 7,15,343 சதுர கிலோமீட்டர் என்கிறது. அது நிலப்பரப்பில் 21.76 சதவீதம். இதோடு காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்து 25.17 சதவீதம் என்ற எண்ணைத்தான் தலைப்புகளில் பார்த்திருப்பீர்கள்.

அறிக்கை எதையும் மறைக்கவில்லை, வரையறையை முன்பக்கங்களிலேயே போட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது பின்னால் மாவட்ட அட்டவணையில் இருக்கிறது. 'மிக அடர்ந்த', 'நடுத்தர அடர்த்தி', 'திறந்த' என்று மூன்று பத்திகளாகப் பிரித்திருப்பார்கள். மொத்தத்தை விட்டுவிட்டு முதல் பத்தியைப் பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். தொழில்நுட்பமும் படத்தின் தெளிவும் காலப்போக்கில் மாறியிருப்பதால் 1990களின் எண்ணோடு இன்றைய எண்ணை நேரடியாகக் கழித்துக் காட்டுவது மட்டும் சரியல்ல.

தோட்டத்துக்கு வந்த பறவை, வயலில் முளைத்த செடி எதுவென்று யாரிடம் கேட்பது?

பறவைக்கு 'இபேர்ட்'. பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் தளம் அது. உங்கள் மாவட்டத்தில் எந்த மாதம் எது வருகிறது என்று பட்டை வரைபடமாகக் காட்டும். அந்தப் பதிவுகளை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அரசு ஊழியர்கள் மட்டுமே திரட்ட முடியாத தகவல் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நிற்கும் பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சேர்த்தது.

செடி, பூச்சி, தவளைக்கு 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்டல்'. படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். தாவரத்தில் தீவிரமாக இறங்குபவர்கள் கோயம்புத்தூருக்குப் போகலாம். தாவரவியல் அளவைத் துறையின் தென் மண்டலமும், பழைய மதராஸ் ஹெர்பேரியத்தின் உலர் தாவரத் தொகுப்பும் அங்கேதான் இருக்கின்றன. அதே ஊரில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் உண்டு. குழந்தைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நாட்டுக்கே பொதுவான தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' எழுதியிருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பக்கத்து ஊருடையதை நகலெடுத்து வைத்திருப்பார்கள். நன்றாக எழுதியிருக்கும் ஊரில் நெல் ரகம், மூலிகை, மீன், நாட்டு வைத்தியர் வரை எல்லாம் கிடைக்கும்.

மழை அளவு?

வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணக்கில் நாள் என்பது காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடியும். திங்கள் இரவு பெய்தது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வரும். பயிர்க் காப்பீட்டுக்குத் தேதி எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது?

ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம் அலை உயரம், காற்று, நீரோட்டம், கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை, சுனாமி எச்சரிக்கை எல்லாம் தருகிறது. கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து மீன் கூடும் இடங்களையும் சொல்கிறது. தமிழிலும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கூடுமிடத் தகவல் வராது.

எங்கள் மாவட்டத்தின் உடல்நலப் புள்ளிவிவரம் வேண்டும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். 1992-93இல் முதல் சுற்று நடந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். மாவட்டத்துக்கு ஒரு சுருக்கத் தாள் உண்டு: பிரசவம், தடுப்பூசி, குழந்தைகளின் எடை, ரத்தசோகை, கழிப்பறை, சமையல் எரிபொருள். ஆறே பக்கம், ஆனால் உருப்படியான ஆறு பக்கம்.

இது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதை மறக்க வேண்டாம். மாவட்டத்துக்குச் சுமார் தொள்ளாயிரம் வீடுதான் வரும். இரண்டு சுற்றுக்கு இடையில் ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கியதை வைத்துச் சாதனை என்றோ வீழ்ச்சி என்றோ எழுதுவதற்கில்லை. சில மாவட்டத் தாள்களில் எண் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மாதிரி மிகக் குறைவு என்பதற்கான எச்சரிக்கை அது. மேற்கோள் காட்டுபவர்கள் அடைப்பைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் போய்விடுகிறார்கள்.

ரத்தசோகை எண்ணில் கூடுதல் கவனம் தேவை. ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் என்று வந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தத்தில் பார்த்தது அது. நரம்பிலிருந்து எடுத்துப் பார்க்கும் முறையில் விடை வேறு மாதிரி வரும் என்று விஞ்ஞானிகளுக்குள் விவாதம் உண்டு. பிரச்சினை இல்லை என்று இதற்குப் பொருளல்ல, இரண்டு முறைகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது என்றுதான் பொருள்.

ஊரில் காய்ச்சல் பரவுகிறது. அரசுக்குத் தெரியுமா?

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இலிருந்து நடக்கிறது. அதன் வாராந்திர அறிக்கையில் மாவட்டம், நோய், எத்தனை பேர், எத்தனை மரணம், தொடங்கிய நாள், தகவல் வந்த நாள், என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு பரவலுக்கும் ஒரு வரிசை இருக்கும். பொதுப் பார்வைக்கு அது தாமதமாகத்தான் வருகிறது. அன்றைக்குத் தெரிய வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரைப் பிடியுங்கள். தகவல் மேலே போவதே அவர் வழியாகத்தான். 'தொடங்கிய நாளுக்கும் தகவல் வந்த நாளுக்கும்' இடையிலுள்ள இடைவெளியைப் பழைய அறிக்கைகளில் பார்த்தால் உங்கள் மாவட்டம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று புரியும்.

பாம்பு கடித்தால், குழந்தை எதையாவது குடித்துவிட்டால்?

தளம் தேடாதீர்கள். 108. விஷம் குடித்திருந்தால் டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் பேசும். குடித்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், லேபிளில் உள்ள மருந்துப் பெயரைக் கேட்பார்கள். மனநலத்துக்கு 14416. மாத்திரை ஒவ்வாமல் போனதைப் பதிய 1800 180 3024.

பாம்புக்கடிக்கு ஒரே மருந்து நச்சுமுறிவு ஊசி. அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராவது. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த ஊசிக்கான விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுவது.

கம்பு நல்லதா, ராகி நல்லதா? எதை நம்புவது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை. 2017இல் அது வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. நாட்டின் பல பகுதிகளில் மாதிரி வாங்கிச் சோதித்தது. 2024இல் உணவு வழிகாட்டுதல்களையும் புதுப்பித்திருக்கிறார்கள். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இந்த நிறுவனம் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியது. 1958இல்தான் மலையிறங்கியது. வாட்ஸ்அப்பில் வரும் 'நூறு மடங்கு கால்சியம்' வகைச் செய்திகளை இந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

இதெல்லாம் தமிழில் கிடைக்குமா?

கொஞ்சம். சுருக்கங்கள், எச்சரிக்கைகள், துண்டறிக்கைகள் தமிழில் வருகின்றன. முழு அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான். 2020இல் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வாழ்க்கையை மாற்றப்போகும் சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்க நீதிமன்றம் போக வேண்டியிருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தளத்தில் இல்லை என்றால்?

தகவல் உரிமைச் சட்டம், 2005. மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

கேள்வி எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் ஆறு ஏன் நாறுகிறது? நடவடிக்கை எடுக்காதது ஏன்?" என்று எழுதினால் 'தகவல் இல்லை' என்ற பதில் வரும், சட்டப்படி அது சரிதான். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி: "இன்ன சர்வே எண்ணில் இயங்கும் இன்ன ஆலைக்கு வழங்கிய இசைவாணையின் நகல். 1.4.2024 முதல் 31.3.2025 வரை அங்கே எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள். அதே காலத்தில் அந்த ஆலைக்கு அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிக்கைகளின் நகல்கள்." மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். நகல் வேண்டாமென்றால் கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். சமயத்தில் நீங்கள் கேட்கத் தெரியாத தாள்தான் அந்தக் கோப்பில் முக்கியமானதாக இருக்கும்.

பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளம்.

பார்த்த அறிக்கை மறுவாரம் தளத்தில் இல்லை!

அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய கோப்புகள் காணாமல் போவது வழக்கம். பார்த்ததும் தரவிறக்குங்கள். கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். பக்கத்தின் முகவரி தெரிந்தால் இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பிரதி கிடைக்கக்கூடும்.

தகவல் கிடைத்துவிட்டது. அடுத்து?

முதலில் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துப் புகார், ஒப்புகைச் சீட்டோடு. அசையாவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே மனுப் போடலாம். ஆனால் காலக்கெடு கறாரானது. சுற்றுச்சூழல் பிரச்சினை என்றால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து ஆண்டு. கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் வெறும் 30 நாள், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் அதன்மேல் 60 நாள், அதற்கு ஒரு நாள் தாண்டினாலும் மனு நிற்காது. அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் அதை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த விளம்பரம் பெரும்பாலும் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவில், பொடி எழுத்தில் இருக்கும். தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் வெட்டி வையுங்கள்.